சாம்பலும் உப்பும் தின்னும் தோல் இருக்கை!

கார் இருக்கையின் தோலுக்கு மூன்று பகைவர்கள் உண்டு. முதல் பகைவன் தூசி. இரண்டாவது பகைவன் வியர்வை. மூன்றாவது பகைவன் வெயில்.

சென்னைக்கு வடக்கே இருக்கும் வல்லூரில் இந்த மூன்றுக்கும் பஞ்சமே இல்லை. போதாக்குறைக்கு, கடலின் உப்புக் காற்றும் அங்கே ஓயாமல் வீசுகிறது.

வல்லூரில் பெரிய அனல் மின்சார நிலையம் ஒன்று இருக்கிறது. அதில் 3 எந்திரப் பிரிவுகள். ஒவ்வொன்றும் 500 மெகாவாட். மொத்தம் 1,500 மெகாவாட் மின்சாரம் எடுக்கலாம்.

பக்கத்திலேயே எண்ணூர் துறைமுகம். 2001ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட இதற்கு இப்போது காமராஜர் துறைமுகம் என்று பெயர். நிலக்கரி கப்பலில் வந்து இறங்குகிறது. அனல் நிலையத்தில் எரிகிறது. சாம்பல் ஆகிறது. கரித்தூளும் சாம்பலும் காற்றோடு கலந்து ஊரைச் சுற்றுகின்றன.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. புத்தம் புதிய கார்கள் வெளிநாடுகளுக்குக் கப்பல் ஏறுவதும் இதே துறைமுகத்தில்தான். பளபளக்கும் கார் ஒரு பக்கம். அதன் மேல் படியக் காத்திருக்கும் தூள் மறு பக்கம்!

பூப்போன்ற சாம்பல், ஆனால் அரம்!

நிலக்கரிச் சாம்பலைக் கையில் எடுத்தால் முகப்பவுடர் போல மெத்தென்று இருக்கும். அதை நம்பி விடக்கூடாது.

மணலில் உள்ள சிலிக்கா என்ற பொருள் இந்தச் சாம்பலில் நிறைய உண்டு. அதன் துகள்களில் பெரும்பாலானவை கண்ணுக்குத் தெரியாத குட்டிக் கண்ணாடி உருண்டைகள்.

காரின் கதவைத் திறக்கும்போது சாம்பல் உள்ளே வருகிறது. இருக்கையில் படிகிறது. அதன் மேல் ஒருவர் உட்காருகிறார். இறங்குகிறார். மறுபடி ஏறுகிறார். ஒவ்வொரு முறையும் சாம்பல் தோலை அரத்தைப் போல அராவுகிறது!

ஓட்டுநர் இருக்கையின் ஓரம்தான் முதலில் தேயும். ஏறி இறங்கும்போது தொடை உரசுவது அந்த இடத்தில்தான். எந்தப் பழைய காரையும் பார்க்கலாம். ஓட்டுநர் இருக்கை வெளுத்திருக்கும். பின் இருக்கை புதிது போல இருக்கும்.

இது வெறும் அழகுப் பிரச்சினை அல்ல. கடன் வாங்கிக் கார் ஓட்டிப் பிழைக்கும் குடும்பத்துக்கு அந்தக் கார்தான் சொத்து. விற்கப் போகும்போது வாங்க வருகிறவர் முதலில் கதவைத் திறந்து இருக்கையைத்தான் பார்ப்பார். இருக்கை கிழிந்திருந்தால் விலை இறங்கும். சம்பளத்துக்கு ஓட்டுகிறவர் என்றால் பழி அவர் தலையில் விழும்.

எண்ணூருக்குக் கார் புதிதல்ல

இந்த வட்டாரத்துக்கும் காருக்கும் பழைய உறவு உண்டு.

1948ஆம் ஆண்டில் ரகுநந்தன் சரண் என்பவர் 'அசோக் மோட்டார்ஸ்' என்ற கம்பெனியைத் தொடங்கினார். அதன் தொழிற்சாலை எண்ணூரில் அமைந்தது. இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைப் பூட்டி, 'ஆஸ்டின் ஏ-40' என்ற கார்களை அங்கே செய்தார்கள். பிறகு அந்தக் கம்பெனி லாரி, பஸ் பக்கம் திரும்பியது. 1955இல் அதன் பெயர் 'அசோக் லேலண்டு' என்று மாறியது.

அந்தக் காலத்துச் சீமைக் கார்கள் பலவற்றில் தோல் இருக்கைதான். பிறகு நம் நாட்டு ரோடுகளில் ரெக்சின் இருக்கை பரவியது. அதன் மேல் வெள்ளைத் துவாலை விரித்த அம்பாசடர் கார்களை மறந்தவர் யார்?

ரெக்சின் என்பது உண்மையில் ஓர் ஆங்கிலக் கம்பெனியின் சரக்குப் பெயர். துணியின் மேல் பூச்சுப் பூசிச் செய்த போலித் தோல் அது. நம் ஊரில் எல்லாப் போலித் தோலுக்கும் அதுவே பெயராகி விட்டது.

இப்போது மீண்டும் தோலுக்கு மவுசு வந்திருக்கிறது. விலை உயர்ந்த கார்களில் தோல் இருக்கை பெருமையாகக் கருதப்படுகிறது. ஆனால் அதைப் பராமரிக்கும் முறை பலருக்குத் தெரியவில்லை.

தோல் தோலாவது எப்படி?

மாட்டின் தோலை உரித்து அப்படியே விட்டால் இரண்டு நாளில் அழுகி விடும். அது அழுகாமல் இருக்கச் செய்யும் வேலைதான் பதனிடுதல்.

நம் நாட்டில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு தோலைப் பதனிட்டார்கள். சென்னையிலிருந்து கப்பல் ஏறிய அந்தத் தோலுக்கு உலகச் சந்தையில் 'ஈஸ்ட் இந்தியா தோல்' என்றே பெயர் வந்தது.

1884இல் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் என்பவர் குரோமியம் உப்பைக் கொண்டு பதனிடும் முறைக்கு உரிமை பெற்றார். சென்னை மாகாணத்தில் இந்த முறைக்கு வழி காட்டியவர் ஆல்பிரட் சாட்டர்டன். பல்லாவரத்துக்குப் பக்கத்தில் ஒரு குரோம் தோல் தொழிற்சாலை எழுந்தது. அதனால் அந்த இடத்துக்கு ஏற்பட்ட பெயர்தான் குரோம்பேட்டை!

1948இல் அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. விஞ்ஞானி நாயுடம்மா அதன் தலைவராக இருந்து அதை உலகறியச் செய்தார். 1985இல் கனிஷ்கா விமானம் வெடித்துச் சிதறியபோது அதில் பயணம் செய்த அவரும் மாண்டார்.

பதனிட்டதோடு வேலை முடிவதில்லை. தோலுக்குள் நுண்ணிய நார்கள் பின்னிக் கிடக்கின்றன. காய்ந்தால் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பலகை போல விறைத்து விடும். ஆகவே தொழிற்சாலையிலேயே தோலுக்கு எண்ணெய் ஊட்டுகிறார்கள். எண்ணெய் நார்களுக்கு இடையே புகுந்து வழவழப்புக் கொடுக்கிறது. தோல் மடங்குகிறது; நீளுகிறது.

கடைசியாக நிறம் பூசுகிறார்கள். அதன் மேல் கண்ணாடி போன்ற ஒரு மெல்லிய பாதுகாப்புப் பூச்சும் பூசுகிறார்கள்.

இந்தப் பூச்சைப் பற்றித்தான் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

எண்ணெய் தடவினால் போதுமா?

"தோல் காய்ந்து போகும், எண்ணெய் தடவு" என்பது பழைய பாடம். செருப்புக்கும் மாட்டு வண்டிச் சாமானுக்கும் அது பொருந்தும். இன்றைய கார் இருக்கைக்குப் பொருந்தாது.

இன்றைய கார் தோலில் பெரும்பாலானவை பூச்சுப் பூசியவை. நீங்கள் தடவும் எண்ணெய் பூச்சைத் தாண்டி எளிதில் உள்ளே போகாது. மேலேயே நிற்கும். பிசுபிசுக்கும். பறந்து வரும் சாம்பலை எல்லாம் இழுத்து ஒட்டிக்கொள்ளும். நல்லது செய்யப் போய்க் கெடுதல் செய்ததாக முடியும்!

ஆகவே முதல் விதி இதுதான்: சுத்தம் செய்வதே பெரிய பராமரிப்பு. கண்டிஷனர் பூசுவது அதற்கு அடுத்தபடி.

இருக்கை தோல்தானா?

கை வைக்கும் முன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். தோல் என்று சொல்லப்படும் இருக்கைகளில் பலவற்றில் உடம்பு படும் இடம் மட்டுமே தோல். பக்கங்களும் முதுகுப்புறமும் போலித் தோலாக இருக்கும். சிலவற்றில் முழுவதுமே போலித் தோல்.

காரோடு கொடுக்கும் புத்தகத்தைப் பாருங்கள். தையல் பிரிந்த ஓரம் இருந்தால் அதையும் பாருங்கள். அடிப்பக்கம் நார் நாராக இருந்தால் தோல். துணி தெரிந்தால் ரெக்சின் இனம்.

இன்னொரு சோதனையும் உண்டு. மறைவான இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்துப் போல நின்றால் பூச்சு இருக்கிறது. உறிஞ்சிக்கொண்டு அந்த இடம் கறுத்தால் அது பூச்சில்லாத தோல். அதை ஈரத்துணியால் துடைக்க வேண்டாம். அதற்கென்று விற்கும் பொருளை மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

சுத்தம் செய்வது இப்படி!

வேண்டிய சாமான்கள் குறைவு. மெல்லிய மயிர் உள்ள பிரஷ் ஒன்று. மென்மையான துணிகள் நான்கு. தோலுக்கென்று விற்கும் கழுவும் திரவம். அது கிடைக்காவிட்டால், குழந்தைகளைக் குளிப்பாட்டும் மென்மையான திரவ சோப்பு சில துளிகளை ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் கலந்துகொள்ளலாம்.

முதலில் காரை நிழலில் நிறுத்துங்கள். வெயிலில் சூடேறிய தோலில் ஈரம் பட்டால் திட்டுத் திட்டாகக் காயும்.

அடுத்து தூசியை எடுங்கள். வாக்குவம் கருவி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் பிரஷால் மெதுவாகத் தட்டி எடுக்கலாம். தையல் இடுக்கில் சாம்பல் தங்கும். அங்கே தங்கினால் நூலையே அறுத்து விடும். ஆகவே இடுக்குகளை விட்டு விடக்கூடாது.

சாம்பல் படிந்த இருக்கையைத் துணியால் அழுத்தித் தேய்க்கவே கூடாது. அது உப்புத்தாளால் தேய்ப்பதற்குச் சமம்!

மூன்றாவதாக, திரவத்தைத் துணியில் நனையுங்கள். இருக்கையின் மேல் நேராக ஊற்ற வேண்டாம். மறைவான இடத்தில் துடைத்துப் பாருங்கள். துணியில் நிறம் ஏறினால் நிறுத்தி விடுங்கள்.

நிறம் ஏறாவிட்டால், ஓர் உள்ளங்கை அகலம், இரண்டு உள்ளங்கை அகலம் என்று கொஞ்சம் கொஞ்சமாகத் துடையுங்கள். அழுக்கு ஊறிய இடத்தில் நுரையை வைத்துப் பிரஷால் வட்டமாக, இலேசாகத் தேய்க்கலாம்.

நான்காவதாக, வெறும் நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் சோப்பை எடுங்கள். பிறகு உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். கதவுகளைத் திறந்து வைத்து நிழலிலேயே காய விடுங்கள்.

நன்றாகக் காய்ந்த பிறகு கண்டிஷனர் பூசலாம். நீரில் கலந்து செய்த வகையே நல்லது. துணியில் கொஞ்சமாக எடுத்து மெல்லியதாகப் பூசி, அரை மணி கழித்து மிஞ்சியதைத் துடைத்து விட வேண்டும். இதில் முக்கியமான நன்மை, அழுக்கும் துணிச் சாயமும் எளிதில் பிடிக்காமல் தடுப்பதுதான். இருக்கை எண்ணெய் வழிவது போலப் பளபளத்தால், பூசியது அதிகம் என்று பொருள். நல்ல தோல் மங்கலாகவே மின்னும்!

எத்தனை நாளுக்கு ஒரு முறை? தூசி எடுப்பது வாரம் ஒரு முறை. சோப்பு நீரால் துடைப்பது மூன்று மாதத்துக்கு ஒரு முறை. வல்லூர் போன்ற ஊரில் இன்னும் கொஞ்சம் அடிக்கடி செய்தாலும் தவறில்லை.

தலையில் எண்ணெய், இருக்கையில் கறுப்பு!

நம் வீடுகளில் தலைக்கு எண்ணெய் தேய்ப்பது வழக்கம். அந்த எண்ணெய் தலை சாயும் இடத்தில் ஊறி, தூசியைப் பிடித்துக் கறுப்பாகும். நாளடைவில் பூச்சும் இளகும். அந்த இடத்தில் ஒரு துவாலையைப் போட்டு வாரந்தோறும் துவைத்தால் தொல்லை விட்டது. அம்பாசடர் காலத்து வெள்ளைத் துவாலையில் அறிவு இருந்தது!

வெளிர் நிற இருக்கை என்றால் புதிய நீலக்கால்சட்டையின் சாயம் ஏறும். உடனே துடைத்தால் போகும். நாள்பட்டால் போகாது. குழந்தை பால் சிந்தினாலும் அப்படியே. உடனே ஒற்றி எடுத்து விட வேண்டும். இடுக்கில் இறங்கி விட்டால் நாற்றம் பிடிக்கும்.

இவற்றைத் தொடாதீர்கள்!

தோல் இலேசான புளிப்புத் தன்மை உடைய பொருள். சலவை சோப்பும் சோடாவும் காரம். அவை தோலுக்கு ஆகாது.

பெட்ரோல், மண்ணெண்ணெய், தின்னர் மூன்றும் பூச்சைக் கரைத்து விடும். மூடிய காருக்குள் அவற்றின் ஆவி தீப்பிடிக்கவும் கூடும். இருக்கையைச் சுத்தம் செய்யப் போய் உயிரைப் பணயம் வைக்கலாமா?

2020இல் கொரோனா காலத்தில் கைக்குப் போடும் கிருமிநாசினியை இருக்கையிலும் தெளித்தார்கள். அதில் உள்ள ஆல்கஹால் பல வகைப் பூச்சுகளைக் கெடுக்கக் கூடியது. அதை இருக்கையில் தெளிக்காமல் இருப்பதே நல்லது.

தேங்காய் எண்ணெய் வேண்டாம். செருப்புப் பாலிஷ் வேண்டவே வேண்டாம். அது உட்காருகிறவர் வேட்டியில் ஒட்டிக்கொண்டு வரும்!

மழைக்காலப் பூஞ்சை

ஐப்பசி, கார்த்திகை மழையில் கடலோர ஊர்களில் காற்றே ஈரமாக இருக்கும். உப்புப் படிந்த பொருள் அந்த ஈரத்தை மேலும் இழுக்கும். பல நாள் மூடி வைத்த காரைத் திறந்தால் இருக்கையில் வெள்ளைப் பொட்டுகள் தெரியும். அதுதான் பூஞ்சை.

மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, கதவுகளைத் திறந்து வைத்துத் துடைக்க வேண்டும். மேலே சொன்ன சோப்பு நீரே போதும். பிளீச்சிங் பவுடர் கூடாது. துடைத்த துணியை உடனே துவைத்து விடுங்கள். மழை விட்ட நேரத்தில் காரின் கதவுகளைச் சிறிது நேரம் திறந்து வைத்தால் பூஞ்சை மறுபடி வராது.

கோடையில் வேறு கவலை. வெயிலில் மூடிக் கிடக்கும் காரின் இருக்கை 60 டிகிரி செல்சியசுக்கு மேலும் சுடும். கண்ணாடிக்குத் திரை போடுங்கள். இருக்கையை விட முக்கியம் ஒன்று உண்டு: மூடிய காரில் குழந்தையை ஒரு நிமிடம் கூட விட்டுச் செல்லாதீர்கள்!

வெள்ளம் புகுந்தால்?

2023 டிசம்பரில் 'மிக்ஜாம்' புயல் மழை கொட்டியது. வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரை பரவியது. மீனவர்களின் படகும் வலையும் எண்ணெயில் ஊறின. எண்ணூர் வட்டார மக்கள் எளிதில் மறக்க முடியாத நாட்கள் அவை.

அப்படி வெள்ளம் காருக்குள் புகுந்தால் காரை ஸ்டார்ட் செய்யக் கூடாது. முதலில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, காப்பீட்டுக் கம்பெனிக்குச் சொல்ல வேண்டும். சுத்தம் செய்து விட்டால் சேதத்துக்குச் சாட்சி போய்விடும்.

இருக்கைக்கு அடியில் மின்சாரக் கம்பிகள் ஓடுகின்றன. பல கார்களில் விபத்தின்போது விரியும் காற்றுப்பை இருக்கையின் பக்கவாட்டிலேயே இருக்கிறது. 'ஏர்பேக்' என்று ஒரு சிறு சீட்டு தைத்திருக்கும். அத்தகைய இருக்கையைத் தெரியாதவர் கழற்றக் கூடாது. மெக்கானிக் பாட்டரி இணைப்பை எடுத்த பிறகே கழற்ற வேண்டும். அந்தச் சீட்டை மறைக்கும்படி உறை தைத்துப் போடுவதும் ஆபத்து. காற்றுப்பை விரிய வழி இல்லாமல் போகும்.

நனைந்த தோலுக்கு உள்ளே இருக்கும் பஞ்சுதான் பெரிய தொல்லை. மேலே காய்ந்தாலும் உள்ளே காயாது. அழுக்கு நீர் ஊறிய பஞ்சை மாற்றி விடுவதே நல்லது. தோலை நிழலில், காற்றில் காய வைக்கலாம். வெயிலிலோ, சூடான காற்று அடித்தோ காய வைத்தால் சுருங்கி விறைக்கும்.

எண்ணெய் பட்ட இடத்தில் முதலில் உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். பிறகு முகப்பவுடரைத் தூவி ஓர் இரவு விடுங்கள். பவுடர் எண்ணெயை உறிஞ்சும். மறுநாள் பிரஷால் தட்டி விட்டுச் சோப்பு நீரால் துடையுங்கள்.

ஒரு தோலின் விலை

இத்தனை பாடு ஒரு இருக்கைக்காகவா என்று கேட்கலாம்.

தோல் சும்மா வருவதில்லை. வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை ஊர்களில் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்ட தொழில் இது. அதே தொழிலின் கழிவு பாலாற்றைக் கெடுத்தது. கிணற்று நீர் குடிக்க முடியாமல் போனது. வேலூர்ப் பகுதி மக்கள் நல அமைப்பு ஒன்று வழக்குத் தொடுத்தது. 1996இல் உச்ச நீதிமன்றம் கண்டிப்பான தீர்ப்பு அளித்தது. கழிவு நீரைச் சுத்தம் செய்ய ஏற்பாடு செய்யாத தொழிற்சாலைகள் இயங்கக் கூடாது என்றது. தொழிற்சாலை ஒன்றுக்கு 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது.

2015 ஜனவரி 31 அன்று, பொழுது விடியும் முன், இராணிப்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்தது. சேறு பாய்ந்து, பக்கத்தில் படுத்திருந்த தொழிலாளர்கள் மேல் விழுந்தது. 10 பேர் மாண்டார்கள்.

ஒரு மாட்டின் உயிர், ஓர் ஆற்றின் நீர், தொழிலாளியின் உழைப்பு — இவ்வளவும் சேர்ந்ததுதான் காரில் விரிந்திருக்கும் தோல். ஐந்து ஆண்டில் கிழிய வேண்டிய இருக்கை பத்து ஆண்டு உழைத்தால், இன்னொரு தோலுக்கு வேலை இல்லை.

கடைசியில் ஒரு வார்த்தை. வல்லூர்ச் சாம்பல் கார் இருக்கையில் மட்டும் படிவதில்லை. அந்த ஊர்க் குழந்தைகளின் மூச்சிலும் கலக்கிறது. இருக்கையைத் துணியால் துடைத்து விடலாம். மூச்சுப் பையைத் துடைக்கத் துணி இல்லை. சாம்பல் பறக்காமல் பார்த்துக்கொள்வது ஒன்றே அதற்கு வழி!